மண்ணுக்குள் ஒரு காது

எண்ணெய், எரிவாயுக் குழாய்களைக் காவல் காக்கும் கண்ணாடி நார்

சில வருடங்களுக்கு முன்னர் எமது கடைத் தெருவைத் தோண்டினார்கள். ஏதோ கேபிள் புதைக்கும் வேலை. மஃரிபுக்குச் சற்று முன்னர் பெக்கோ இயந்திரம் எதிலோ மோதிய சத்தம் கேட்டது. வெளியே எட்டிப் பார்த்துவிட்டு வந்த கடைப் பையன், "மொதலாளி, பெக்கோ தண்ணிக் கொழாயில பட்டிச்சி போல. டங் எண்டு சத்தம் கேட்டிச்சி" என்றான்.

"அது அவங்கட வேல. நீ சாமான எடுத்து உள்ளுக்கு வை" என்று சொல்லிவிட்டு நான் கணக்கைப் பார்க்கத் தொடங்கினேன்.

இயந்திரத்தை ஓட்டியவர் இறங்கிக் குழிக்குள் பார்த்திருக்கிறார். தண்ணீர் கசியவில்லை. எனவே மண்ணைப் போட்டு மூடிவிட்டுப் போய்விட்டார்கள். மூன்று வாரங்கள் கழித்து ஒரு நள்ளிரவில் அந்தக் குழாய் வெடித்தது. எனது கடைக்கு மூன்று கடைகள் தள்ளி, அரிசி, சீனி மொத்த வியாபாரம் செய்யும் ஹாஜியாரின் களஞ்சியம் இருந்தது. காலையில் கதவைத் திறந்தபோது கீழ் வரிசை மூட்டைகள் எல்லாம் தண்ணீரில் ஊறிக் கிடந்தன. ஒப்பந்தக்காரரோ தமது வேலை முடிந்து மூன்று வாரமாகிவிட்டது என்று கையை விரித்தார்.

நான் இரும்புச் சாமான் கடை நடத்துபவன். குழாய் விற்பவன். குழாயில் இரும்பு மோதினால் பின்னர் என்ன நடக்கும் என்பது அந்தத் தெருவில் வேறு எவரையும் விட எனக்குத்தான் தெரிந்திருக்க வேண்டும். நனைந்த மூட்டைகளைப் பார்த்த அன்று முதல் இந்த விடயம் எனது மனதைக் குடைந்து கொண்டே இருந்தது. அதன் பின்னர் நிலத்தடிக் குழாய்கள் பற்றிக் கையில் கிடைத்ததையெல்லாம் வாசிக்கத் தொடங்கினேன். அவ்வாறு அறிந்து கொண்டவற்றில் ஒன்றை வியாபார சகோதரர்களுடன் பகிர்ந்து கொள்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

பெல்ஜியத்தில் ஒரு காலைப்பொழுது

எமது தெருவில் நனைந்தது அரிசி மாத்திரமே. தண்ணீருக்குப் பதிலாக எரிவாயு சென்றிருந்தால்?

2004ஆம் ஆண்டு ஜூலை 30ஆம் திகதி. பெல்ஜியத்தின் தலைநகர் பிரசல்ஸுக்குத் தென்மேற்கே கிஸ்லெங்கியன் என்ற ஊரிலுள்ள கைத்தொழில் வலயம். அதன் ஊடாக சுமார் ஒரு மீற்றர் விட்டமுள்ள உயர் அழுத்த எரிவாயுக் குழாய் நிலத்தடியில் செல்கிறது. காலையில் எரிவாயுக் கசிவு பற்றிய தகவல் கிடைத்து தீயணைப்பு வீரர்கள் அங்கு சென்றார்கள். அவர்கள் அங்கு நின்று கொண்டிருக்கும்போதே குழாய் வெடித்தது. 24 பேர் உயிரிழந்தனர். நூற்றுக்கும் மேற்பட்டோர் காயமடைந்தனர். உயிரிழந்தோரில் உதவிக்குச் சென்ற தீயணைப்பு வீரர்களும் அடங்குவர்.

விசாரணையில் தெரியவந்தது என்ன? வெடிப்பதற்குச் சில வாரங்களுக்கு முன்னர் அந்த இடத்தில் கட்டுமான வேலைகள் நடந்தபோது, மண் வேலைக்குப் பயன்படுத்தப்பட்ட இயந்திரம் குழாயைக் கீறியிருக்கிறது. கீறப்பட்ட இடத்தில் உருக்குச் சுவர் மெலிந்து போயிருக்கிறது. அன்று வாயு வெளியேறவில்லை. பின்னர் குழாயின் அழுத்தம் உயர்ந்தபோது மெலிந்த சுவர் தாங்கவில்லை.

அமெரிக்காவின் வொஷிங்டன் மாநிலத்திலுள்ள பெலிங்ஹாம் நகரில் நடந்தது இன்னும் நீண்ட கதை. 1999 ஜூன் 10ஆம் திகதி அங்கு பெற்றோல் கொண்டு செல்லும் குழாய் ஒன்று வெடித்தது. சுமார் 9 இலட்சம் லீற்றர் பெற்றோல் ஓர் ஓடையில் கலந்து தீப்பற்றியது. பத்து வயதுச் சிறுவர்கள் இருவரும் 18 வயது இளைஞர் ஒருவரும் உயிரிழந்தனர். அந்தக் குழாயில் தோண்டும் இயந்திரம் பட்டது 1994ஆம் ஆண்டில். ஐந்து ஆண்டுகள் அந்தக் காயம் மண்ணுக்குள் மறைந்தே இருந்திருக்கிறது.

ஐரோப்பிய எரிவாயுக் குழாய் நிறுவனங்கள் இணைந்து பேணி வரும் விபத்துப் பதிவுகளின்படி, 1970 தொடக்கம் 2007 வரை ஏற்பட்ட வாயுக் கசிவுச் சம்பவங்களில் ஏறத்தாழ அரைவாசிக்குக் காரணம் வெளியாட்களின் தலையீடாகும். துருப்பிடித்தலோ, உற்பத்திக் குறைபாடோ அந்தளவுக்கு இல்லை. குழாய்க்குச் சம்பந்தமில்லாத எவரோ வேறு ஏதோ தேவைக்காக நிலத்தைத் தோண்டுகிறார். குழாயில் படுகிறது. மூடிவிட்டுப் போகிறார்.

நபி (ஸல்) அவர்கள் சந்தையில் ஒரு தானியக் குவியலுக்குள் கையை விட்டுப் பார்த்தபோது உள்ளே ஈரமாக இருந்ததையும், ஈரத்தை மேலே தெரியும்படி வைக்காத வியாபாரியை அவர்கள் கண்டித்ததையும் நாமெல்லாம் சிறு வயதிலேயே கேட்டிருக்கிறோம். அடிபட்ட குழாயை மண் போட்டு மூடுவதும் எனக்கு அதே குவியலைத்தான் ஞாபகப்படுத்துகிறது. மேலே பார்த்தால் காய்ந்த மண். உள்ளே இருப்பது எவருக்கும் தெரியாது.

அடிபடும் அந்த நொடியில் ஒரு சத்தம் எழுகிறது. அதன் பின்னர் குழாய் பேசுவதில்லை. ஆகவே அந்தச் சத்தத்தை அப்போதே கேட்க ஒரு காது மண்ணுக்குள் இருந்தால் எவ்வளவு நல்லது! இன்று அத்தகைய காது இருக்கிறது. அதற்குப் பெயர் பைபர் ஒப்டிக். இன்று எமது வீடுகளுக்கும் கடைகளுக்கும் இணையத்தைக் கொண்டு வருகின்ற அதே கண்ணாடி நார்தான்.

கிணற்றில் எழும் எதிரொலி

இந்த நாரின் கண்ணாடி ஒரு மில்லிமீற்றரில் எட்டில் ஒரு பங்கு தடிப்பமுடையது. ஏறக்குறைய ஒரு தலைமயிர் அளவு. இவ்வளவு மெல்லிய கண்ணாடியினூடாக ஒளியை நெடுந்தூரம் அனுப்பலாம் என்பதை 1966ஆம் ஆண்டில் இங்கிலாந்தில் பணியாற்றிய சார்ள்ஸ் காவோ என்ற சீன வம்சாவளிப் பொறியியலாளர் எடுத்துக் காட்டினார். அதற்காக அவருக்கு 2009ஆம் ஆண்டில் பௌதிகவியலுக்கான நோபல் பரிசு கிடைத்தது.

ஒரு கிணற்றுக்குள் குனிந்து குரல் கொடுத்தால் எதிரொலி திரும்பி வரும். அது வந்து சேர எடுக்கும் நேரத்தை வைத்துத் தண்ணீர் எவ்வளவு ஆழத்தில் இருக்கிறது என்று கணிக்கலாம். கண்ணாடி நாரில் நடப்பதும் இதுவே. நாரின் ஒரு முனையிலுள்ள பெட்டியிலிருந்து லேசர் ஒளித்துடிப்பு ஒன்று அனுப்பப்படுகிறது. எவ்வளவு சுத்தமான கண்ணாடியானாலும் அதன் அடர்த்தி எல்லா இடத்திலும் ஒரே சீராக இருப்பதில்லை. இந்த நுண்ணிய வேறுபாடுகளில் பட்டு ஒளியில் மிகச் சிறு பங்கு சிதறி, வந்த வழியே திரும்புகிறது. இது இடைவிடாமல் நார் நெடுகிலும் நடக்கிறது.

கண்ணாடிக்குள் ஒளி ஒரு செக்கனில் ஏறத்தாழ இரண்டு இலட்சம் கிலோமீற்றர் செல்லும். ஆகவே 40 கிலோமீற்றர் நீளமான நாரின் மறுமுனை வரை சென்று திரும்ப அதற்கு ஒரு செக்கனின் 2,500இல் ஒரு பங்கு நேரமே போதும். அதாவது ஒரு செக்கனுக்குள் முழு நாரையும் 2,500 தடவைகள் பரிசோதித்து விடலாம். திரும்பி வரும் ஒளி எந்த நேரத்தில் வந்தது என்பதை வைத்து, அது எந்த இடத்திலிருந்து வந்தது என்று பெட்டி கணித்துக் கொள்கிறது.

நாருக்கு மேலே மண்ணில் மண்வெட்டி விழுந்தால் நிலம் அதிர்கிறது. அந்த அதிர்வு கண்ணாடியை மிக மிகச் சிறிய அளவு இழுத்துச் சுருக்குகிறது. உடனே அந்த இடத்திலிருந்து திரும்பும் ஒளியின் தன்மை மாறிவிடுகிறது. அந்த மாற்றத்தைப் பெட்டி சத்தமாக வாசிக்கிறது. பத்து மீற்றருக்கு ஓர் இடம் என்று பிரித்துக் கேட்டால்கூட, 40 கிலோமீற்றர் நாரில் 4,000 காதுகள் வரிசையாக இருப்பதற்குச் சமம். நாரின் இடையில் மின்சாரம் தேவையில்லை. பற்றரி தேவையில்லை. வழிநெடுகத் தனித்தனிக் கருவிகளும் தேவையில்லை. முனையிலுள்ள பெட்டிக்கு மாத்திரமே மின்சாரம் வேண்டும். எண்ணெய், வாயு செல்லும் இடத்தில் மின்சாரம் இல்லாமலிருப்பது தனியான ஒரு பாதுகாப்பு என்பதை நான் சொல்லத் தேவையில்லை.

எவற்றையெல்லாம் கேட்கிறது?

ஆள் ஒருவர் மண்வெட்டியால் தோண்டும்போது சீரான இடைவெளியில் அடி விழும். பெக்கோ இயந்திரத்தில் எஞ்சினின் தொடர்ச்சியான இரைச்சலும், வாளி மண்ணைக் கவ்வும் முரட்டுச் சத்தமும் சேர்ந்து வரும். வாகனம் சென்றால் சத்தம் ஒரு காதிலிருந்து அடுத்த காதுக்கு நகர்ந்து கொண்டே போகும். இந்த வேறுபாடுகளைக் கணினிக்குப் பழக்கிவிட்டால், இது மாடு, இது ட்ரக்டர், இது தோண்டும் வேலை என்று அதுவே பிரித்துக் கூறும்.

இதன் மற்றொரு வகை வெப்பநிலையை உணர்கிறது. சிதறும் ஒளியில் ஒரு சிறு பகுதி நிறம் மாறித் திரும்பும் என்பதை 1928ஆம் ஆண்டில் கண்டுபிடித்தவர் சேர் சி.வி. ராமன். 1888ஆம் ஆண்டு திருச்சியில் பிறந்து 1930இல் நோபல் பரிசு பெற்ற அதே ராமன்தான். இவ்வாறு நிறம் மாறிய ஒளியின் அளவு கண்ணாடியின் சூட்டுக்கு ஏற்ப மாறுபடுகிறது. ஆகவே நாரின் எந்த இடம் சூடாக இருக்கிறது, எந்த இடம் குளிர்ந்திருக்கிறது என்பதை முனையில் இருந்து கொண்டே அறியலாம்.

இது கசிவைக் கண்டுபிடிக்க உதவுகிறது. உயர் அழுத்தத்திலிருந்து வெளியே பாயும் இயற்கை வாயு குளிரும். ஒவ்வொரு பார் அழுத்தம் குறையும்போதும் ஏறத்தாழ அரைப் பாகை செல்சியஸ் குறைகிறது. கசியும் இடத்தைச் சுற்றியுள்ள மண்ணும் குளிர்ந்துவிடும். சூடாக்கி அனுப்பப்படும் எண்ணெய் கசிந்தால் மண் சூடேறும். அத்துடன் ஓட்டையினூடாகப் பாயும் வாயுவின் சீறல் சத்தத்தையும் நார் கேட்கிறது. மண் சரிந்து குழாயை இழுத்தால், நாரும் சேர்ந்து இழுபடுவதால் அதுவும் தெரிந்துவிடுகிறது.

திருட்டைப் பிடிப்பதற்கும் இதைப் பயன்படுத்துகிறார்கள். இரவில் குழாயைத் தோண்டித் துளையிட்டு எண்ணெய் எடுப்பது பல நாடுகளில் பெரும் தொழிலாகவே நடக்கிறது. மெக்சிக்கோவில் 2018ஆம் ஆண்டில் மாத்திரம் 14,000க்கும் அதிகமான சட்டவிரோதத் துளைகள் கண்டுபிடிக்கப்பட்டன. துளையிட்ட பின்னர் அழுத்தம் குறைவதைக் கண்டு தேடுவது பழைய முறை. சிறுகச் சிறுக எடுத்தால் அழுத்தத்தில் பெரிதாக எதுவும் தெரியாது. கண்ணாடி நாரோ துளையிடுவதற்கு முன்னர், மண்ணைத் தோண்டும்போதே எச்சரிக்கிறது. எமது அயல்நாடான இந்தியாவில் இந்தியன் ஒயில் நிறுவனம் இத்தகைய ஊடுருவல் கண்டறியும் முறையைத் தனது குழாய்ப் பாதைகளில் பொருத்தியுள்ளது.

ஏற்கெனவே கையில் இருக்கும் சொத்து

ஒரு வியாபாரி என்ற முறையில் என்னை மிகவும் கவர்ந்த விடயம் இதுதான். நெடுந்தூரக் குழாய்களைப் பதிக்கும் நிறுவனங்கள் பல, அதே குழியில் பைபர் கேபிளையும் பதித்து விடுகின்றன. வால்வுகளையும் பம்பி நிலையங்களையும் கட்டுப்படுத்தத் தகவல் தொடர்பு வேண்டும் என்பதே அதற்குக் காரணம். ஒரு கேபிளுக்குள் பல நார்கள் இருக்கும். தேவைப்படுவது சிலவே. மீதி சும்மா கிடக்கும்.

அவ்வாறு சும்மா கிடந்த நார்களில் ஒன்றை எடுத்து முனையில் ஒரு பெட்டியைப் பொருத்தியபோது, குழாய்க்கு முழு நீளத்திலும் ஒரு காவல்காரன் கிடைத்துவிட்டான். மண்ணைத் திரும்பத் தோண்டவில்லை. புதிதாக எதையும் பதிக்கவில்லை. இம்முறை 2000களின் பிற்பகுதியிலிருந்து வர்த்தக ரீதியில் வேகமாகப் பரவியதற்கு இதுவும் ஒரு காரணம் எனலாம்.

எமது கடைகளிலும் இப்படிச் சும்மா கிடக்கும் நார்கள் இல்லையா? பத்து வருடப் பற்றுவரவுப் புத்தகம் அலமாரியில் இருக்கும். எந்த வாடிக்கையாளர் கடனைத் தாமதிக்கத் தொடங்கி எத்தனை மாதத்தில் கைவிட்டார் என்பது அதற்குள் எழுதப்பட்டிருக்கும். புரட்டிப் பார்க்க மாட்டோம். கண்காணிப்புக் கெமராவுக்குப் பணம் செலவழித்திருப்போம். திருட்டுப் போன பின்னர்தான் அதைப் பார்ப்போம்.

குறைகளும் உண்டு

எந்தப் பொருளுக்கும் நல்லதை மட்டும் சொல்லி விற்பது முறையல்ல. இந்த நாருக்கும் குறைகள் உண்டு.

முதலாவது, பொய் எச்சரிக்கை. பக்கத்தில் ரயில் ஓடினாலும், கடும் மழை பெய்தாலும், வயலில் உழுதாலும் நிலம் அதிரும். ஆரம்பத்தில் கணினிக்கு அந்தந்த இடத்தின் சத்தங்களைப் பழக்காவிட்டால் நாளொன்றுக்கு எத்தனையோ வீண் மணிகள் அடிக்கும். நாலு தடவை வீணாக ஓடியவன் ஐந்தாவது தடவை எழும்ப மாட்டான். அந்த ஐந்தாவதுதான் உண்மையாக இருக்கும்.

இரண்டாவது, இது துருவைக் கேட்காது. குழாயின் சுவர் உள்ளுக்குள் மெதுவாக அரித்துப் போவதற்குச் சத்தமில்லை. அதற்குக் குழாயினுள்ளே கருவியை அனுப்பிச் சுவரைச் சோதிக்கும் பழைய முறைதான் வேண்டும்.

மூன்றாவது, மிகச் சிறிய கசிவுகள் தப்பிவிடலாம். கேபிள் எவ்வளவு ஆழத்தில், எந்த மண்ணில், குழாய்க்கு எவ்வளவு அருகில் இருக்கிறது என்பதையெல்லாம் பொறுத்து அதன் கேட்கும் திறனும் மாறும். வேறொரு பிளாஸ்டிக் குழாய்க்குள் தளர்வாகக் கிடக்கும் கேபிளுக்கு, மண்ணோடு ஒட்டிக் கிடக்கும் கேபிளைப் போல் தெளிவாகக் கேட்காது.

இயந்திரம் கேபிளையே வெட்டிவிட்டால் என்ன செய்வது என்று சிலர் கேட்கலாம். வெட்டுப்பட்ட இடம் எது என்பதைப் பெட்டி உடனே காட்டிவிடும். அது வரையுள்ள பகுதி தொடர்ந்து வேலை செய்யும். மறுமுனையிலும் ஒரு பெட்டி இருந்தால் மீதிப் பகுதியும் தப்பிக்கும்.

கேட்டால் மாத்திரம் போதுமா?

மேலே பெலிங்ஹாம் நகரச் சம்பவத்தைச் சொன்னேன். அதில் நான் சொல்லாமல் விட்ட ஒரு பகுதி இருக்கிறது. 1994இல் அடிபட்ட அந்தக் குழாய் 1999இல் வெடிப்பதற்கு முன்னர், குழாயினுள் சோதனைக் கருவி அனுப்பப்பட்டது. அடிபட்ட பகுதியில் ஏதோ வழமைக்கு மாறாக இருப்பதை அந்தக் கருவி காட்டியும் இருந்தது. ஆனால் அந்த இடத்தைத் தோண்டிக் கண்ணால் பார்க்க வேண்டியதில்லை என்று முடிவு செய்யப்பட்டது. அந்த முடிவையும் விபத்துக்கான காரணங்களில் ஒன்றாக அமெரிக்காவின் தேசிய போக்குவரத்துப் பாதுகாப்புச் சபை குறிப்பிட்டது. அதாவது தகவல் வந்திருக்கிறது. எழும்பிப் போக ஆளில்லை.

மெக்சிக்கோவின் ஹிடால்கோ மாநிலத்தில் திலாவெலில்பான் என்ற ஊரில் நடந்ததும் மனதை உலுக்குகின்றது. 2019 ஜனவரி 18ஆம் திகதி, சட்டவிரோதமாகத் துளையிடப்பட்ட குழாயிலிருந்து பெற்றோல் ஊற்றுப் போல் பீறிட்டது. அப்போது அந்நாட்டில் பெற்றோல் தட்டுப்பாடு. நூற்றுக்கணக்கானோர் வாளிகளோடும் கேன்களோடும் ஓடிவந்தார்கள். குழந்தைகளும் வந்தார்கள். அங்கு சிறு தொகை இராணுவத்தினர் நின்றனர். ஆனால் கூட்டத்தைத் தடுக்க அவர்களால் முடியவில்லை. மாலையில் தீப்பற்றியது. 137 பேர் உயிரிழந்தார்கள்.

இங்கு காதுக்கும் கண்ணுக்கும் குறைவில்லை. கசிவு எல்லோருக்கும் தெரிந்திருந்தது. ஆகவே கண்ணாடி நாரை வாங்கிப் பொருத்துவதோடு வேலை முடிந்துவிடாது. நள்ளிரவு இரண்டு மணிக்கு மணி அடித்தால் யார் போவது? எத்தனை நிமிடத்தில் போவது? வால்வை மூடும் அதிகாரம் யார் கையில் இருக்கிறது? இவற்றுக்கெல்லாம் முதலிலேயே பதில் எழுதி வைத்திருக்கும் நிறுவனத்துக்கே நாரினால் பயன் உண்டு.

செலவே இல்லாத ஒரு வழியையும் இங்கு சொல்ல வேண்டும். அமெரிக்காவில் 2007ஆம் ஆண்டு முதல் 811 என்ற ஒரே தொலைபேசி இலக்கம் நாடு முழுவதும் நடைமுறையில் உள்ளது. எவரும் நிலத்தைத் தோண்டுவதற்கு முன்னர் அந்த இலக்கத்துக்கு அழைத்துச் சொல்ல வேண்டும். குழாய், கேபிள் உரிமையாளர்கள் தமது பொருட்கள் எங்கே புதைந்திருக்கின்றன என்று நிலத்தில் நிற மையால் அடையாளமிட்டுக் கொடுப்பார்கள். அடிபட்ட பின்னர் கேட்பதைவிட அடிபடுவதற்கு முன்னர் கேட்பது மேலல்லவா?

எமது நாட்டுக்கு என்ன?

இலங்கையில் நாடு கடந்து செல்லும் நெடுங்குழாய்கள் இல்லைதான். எனினும் கொழும்புத் துறைமுகத்தில் இறக்கப்படும் எரிபொருள் கொலன்னாவ களஞ்சியத்துக்கு நிலத்தடிக் குழாய்கள் ஊடாகவே செல்கிறது. பழைய குழாய்களில் ஏற்பட்ட கசிவுகளும், குழாய் செல்லும் வழியில் மக்கள் குடியேறியிருப்பதும் பல வருடங்களாகச் செய்திகளில் அடிபட்டு வந்த விடயங்களே. அந்தக் குடியிருப்புகளில் வாழும் ஏழைகள் அபாயத்தை விரும்பிப் போய் அங்கு குடியிருக்கவில்லை. போக்கிடம் இல்லாததால் இருக்கிறார்கள். அவர்களது உயிர்களும் இந்தக் கணக்கில் சேர வேண்டும்.

2025 ஏப்ரலில் திருகோணமலையை வலுசக்தி மையமாக அபிவிருத்தி செய்வது தொடர்பாக இலங்கை, இந்தியா, ஐக்கிய அரபு இராச்சியம் ஆகிய மூன்று நாடுகளும் புரிந்துணர்வு உடன்படிக்கை ஒன்றில் கைச்சாத்திட்டன. இந்தியாவிலிருந்து பல்வகை எரிபொருள் குழாய்ப் பாதை ஒன்றை அமைக்கும் யோசனையும் முன்வைக்கப்பட்டுள்ளது. அது நடக்குமா, எப்போது நடக்கும் என்பது அரசாங்கங்களின் வேலை. ஆனால் எந்தப் புதிய குழாய் பதிக்கப்பட்டாலும், குழி திறந்திருக்கும் அதே நாளில் கண்ணாடி நாரையும் பதித்துவிட வேண்டும். குழி மூடிய பின்னர் இதற்காக மீண்டும் தோண்டுவதென்றால் செலவு பன்மடங்காகும். வீடு கட்டும்போது சுவர் பூசுவதற்கு முன்னர் வயர் குழாயை வைப்பது போலத்தான் இது. எரிபொருள் நின்றால் வியாபாரம் என்னவாகும் என்பதை 2022ஆம் ஆண்டு வரிசைகளில் நின்ற எமக்கு எவரும் சொல்லித்தரத் தேவையில்லை.

எமது கடைகளில்

நூறு கிலோமீற்றர் குழாய் எம்மிடம் இல்லை. இருப்பது ஒரு கடையும் ஒரு களஞ்சியமும். ஆனாலும் இந்தக் கதையிலிருந்து மூன்று விடயங்களை நான் எனது கடையில் நடைமுறைப்படுத்தி வருகிறேன்.

ஒன்று, கடையில் வேலை செய்யும் பையன்கள் எதையாவது கேட்டேன், கண்டேன் என்று சொன்னால் அதை ஒரு கொப்பியில் திகதியோடு எழுதிக் கொள்கிறோம். கூரையில் ஒழுக்கு, பிளக்கில் கருகிய வாசனை, ஷட்டர் பூட்டில் கீறல், எதுவானாலும் சரி. எங்கள் கடையின் கண்ணாடி நார் அவர்கள்தான். சொன்னதற்காக ஏசினால் அடுத்த முறை சொல்ல மாட்டார்கள்.

இரண்டு, எழுதியதை அன்றே ஒருவர் போய்ப் பார்க்க வேண்டும். யார் பார்ப்பது என்பதும் கொப்பியில் இருக்கும். பத்தில் எட்டு ஒன்றுமில்லாத விடயமாகவே இருக்கும். பரவாயில்லை.

மூன்று, தெருவை யாராவது தோண்ட வந்தால் வெளியே போய் நிற்கிறேன். எங்கே தண்ணீர்க் குழாய் போகிறது, எங்கே மின் கேபிள் போகிறது என்று எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன். ஏதாவது பட்டுவிட்டால் மூட விடாமல் உரிய திணைக்களத்துக்குத் தொலைபேசியில் அறிவிக்கிறேன். ஒரு முறை தோண்ட வந்தவர்கள் என்னோடு சண்டைக்கே வந்துவிட்டார்கள். அதற்காக நான் நிறுத்தவில்லை.

ஹாஜியாரிடம் நான் போனது மூட்டைகள் நனைந்த வாரத்தில் அல்ல. எத்தனையோ மாதங்கள் கழித்து, ஒரு நோன்பு காலத்தில், தராவீஹ் முடிந்து இருவரும் நடந்து வரும்போதுதான் சொன்னேன். அன்று பையன் சத்தம் கேட்டதாகச் சொன்னான், நான் எழும்பவில்லை, மன்னித்துக் கொள்ளுங்கள் என்றேன்.

அவர் கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு, "எனக்கும் கேட்டிச்சி தம்பி. நான் உள்ளுக்குத்தான் ஈந்தேன்" என்றார்.